பாவித்த ஒசிலஸ்கோப் ஒன்று கைக்கு வந்தால்

கோயில் திருவிழாக் காலம் வந்தால் கிளிநொச்சிப் பக்கத்துத் திருத்தகங்களுக்கு ஒரே முறைப்பாட்டோடு அம்பிளிபயர்கள் வந்து சேரும்: பாட்டுப் போகிறது, ஆனால் அடியில் ஒரு இரைச்சல் கேட்கிறது. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் பவர் சப்ளை 12 வோல்ற் என்று நல்ல பிள்ளையாகச் சொல்லும். "மீற்றரில சரியாத்தானே காட்டுது அண்ணை, பிறகேன் இரையுது?" என்று வேலை பழகும் தம்பி கேட்பான். மீற்றர் பொய் சொல்லவில்லை. அந்த 12 வோல்ற் ஒரு செக்கனுக்குள் நூறு தடவை ஏறி விழுந்தாலும், மீற்றர் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரியாக ஒரு எண்ணைத்தான் தரும். ஏறி விழுவதைக் கண்ணால் பார்க்க ஒசிலஸ்கோப் வேண்டும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் பரீட்சைக்காகக் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டியின், அதாவது இதே ஒசிலஸ்கோப்பின், படத்தைக் கீறிப் பழகியிருப்பார்கள். கீறியவர்களில் பலர் சாமானைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். வன்னியில் போர் முடியும் வரைக்கும் மின்கம்பியே இல்லாத ஊர்கள் எத்தனையோ. இன்று அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. பழகுகிற பிள்ளைகள் வீட்டிலும் ஒன்று வைத்திருக்க ஆசைப்படுகிறார்கள். புது டிஜிட்டல் ஸ்கோப் வாங்கக் காசு காணாதவர்களின் கண், பாவித்த சாமானாக வரும் பழைய அனலொக் ஸ்கோப்புகளில் விழுகிறது. ஹிற்றாச்சி, கென்வூட், கிகுசுயி, இவாட்சு, ஹமெக், டெக்ரோனிக்ஸ் என்று பெயர்கள் வேறுபடும். முகப்பில் உள்ள திருகுகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றைப் பழகினால் மற்றதெல்லாம் வரும்.

திரைக்குப் பின்னால்

ஜேர்மனியரான ஃபேர்டினன்ட் பிறவுண் 1897இல் செய்த கதோட்டுக் கதிர்க்குழாய்தான் இதன் மூலம். காற்று முழுக்க எடுக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். பின்முனையில் ஒரு சின்ன இழை சூடாகி இலத்திரன்களை விடுகிறது. சாதாரண 20 மெகாஹேர்ட்ஸ் ஸ்கோப்பில் (அது காட்டக்கூடிய அலைகளின் வேக எல்லை இந்த எண்) ஏறத்தாழ 2000 வோல்ற் அவற்றை முன்னுக்கு இழுக்கிறது. வேகமான ஸ்கோப்புகளில் இது பத்தாயிரத்தையும் தாண்டும். கற்றையாகப் பாயும் இலத்திரன்கள் முன்பக்கத்துப் பொஸ்பரில் (அடிபட்டால் ஒளிரும் பூச்சு) மோதும் இடத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது.

போகிற வழியில் கற்றை இரண்டு சோடித் தகடுகளைக் கடக்கிறது. ஒரு சோடி அதை மேலும் கீழும் இழுக்கும். நீங்கள் அளக்கிற மின்னழுத்தம் பெருக்கப்பட்டு இங்கேதான் போகிறது. மற்றச் சோடி இடமிருந்து வலத்துக்கு ஒரே சீரான வேகத்தில் கற்றையை நகர்த்தும். வலது ஓரம் வந்ததும் கற்றை அணைந்து, சட்டென்று இடப்பக்கம் திரும்பி, மீண்டும் தொடங்கும். ஆகத் திரையில் தெரிவது ஒரு வரைபடம். உயரம் வோல்ற், அகலம் நேரம். முகப்பில் இருக்கும் முப்பது திருகுகளும் இந்த ஒன்றைச் சரிபண்ணத்தான் இருக்கின்றன.

திரையில் நெடுக்காக 8 கட்டமும் குறுக்காக 10 கட்டமும் இருக்கும். ஒரு கட்டம் பொதுவாக 1 சென்ரிமீற்றர். நடுக்கோடுகளில் ஒவ்வொரு கட்டமும் ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரு சின்னக் கீறு 0.2 கட்டம். வோல்ற்ஸ்/டிவ் என்று எழுதிய திருகு ஒரு கட்டத்து உயரம் எத்தனை வோல்ற் என்று தீர்மானிக்கிறது. டைம்/டிவ் என்று எழுதியது ஒரு கட்டத்து அகலம் எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கிறது. இந்த இரண்டின் நடுவிலும் சின்னதாக இன்னொரு திருகு இருக்கும். அதை CAL (கால், அதாவது அளவு சரியாக இருக்கும் நிலை) என்று எழுதிய பக்கம் 'டிக்' என்று பூட்டும் வரை திருப்பி வையுங்கள். அது விலகி இருந்தால் படம் அழகாக வரும், ஆனால் நீங்கள் எண்ணும் எண் எல்லாம் பிழையாக இருக்கும். பாவித்த ஸ்கோப்பை "அளவு பிழை, பழுது" என்று மலிவாகத் தள்ளிவிடுபவர்களில் சிலர் இந்தத் திருகைத்தான் கவனித்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு கோடு

சுவிச்சைப் போட்டதும் திரை இருட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம். குழாய் சூடாக அரை நிமிடம் விடுங்கள். பிறகு ட்ரிகர் முறையை (கற்றை எப்போது ஓடத் தொடங்குவது என்பதைத் தீர்மானிப்பது, பின்னால் வரும்) ஓட்டோவில் வையுங்கள். சனல் 1 இன், அதாவது சிக்னல் நுழையும் முதல் வாயின், ஏசி-கிரவுண்ட்-டிசி என்ற இணைப்பு ஆளியைக் கிரவுண்டுக்குத் தள்ளுங்கள். டைம்/டிவ் 1 மில்லிசெக்கன். மேல்-கீழ் நகர்த்தும் திருகையும் இட-வல நகர்த்தும் திருகையும் நடுவில் நிறுத்துங்கள். எக்ஸ்-வை பொத்தான் (கற்றை தானாக இடமிருந்து வலம் ஓடுவதை நிறுத்துவது) அழுத்தியிருந்தால் விடுவியுங்கள். இப்போது ஒளித்திருகை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போக, திரைக்குக் குறுக்கே ஒரு பச்சைக்கோடு வரும். வராவிட்டால் மேல்-கீழ் திருகை இரண்டு பக்கமும் முழுதாகச் சுற்றிப் பாருங்கள். கோடு திரைக்கு வெளியே ஒளிந்திருப்பதுதான் அநேகமான காரணம்.

கோடு வந்த பின் போக்கஸைத் திருப்பி நூல் போல ஆக்குங்கள். கோடு ஒரு பக்கம் சரிந்திருந்தால் அது பழுதல்ல. பூமியின் காந்தப்புலமே கற்றையைச் சற்றுத் திருப்பும். மேசையைத் திருப்பி வைத்தாலும் சரிவு மாறும். முகப்பில் ட்ரேஸ் ரொட்டேஷன் என்ற சின்ன ஓட்டைக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு மெல்லத் திருப்பினால் கோடு கட்டத்தோடு நேராகும். பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் முதலில் அதைத் தள்ளி வையுங்கள்.

ஒளியைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில் தெரியவில்லையென்று ஒளியை முழுதாகக் கூட்டுவது பலருக்குப் பழக்கம். கோடு பிரகாசமாக நின்றுகொண்டே இருந்தால் அந்த இடத்துப் பொஸ்பர் எரிந்து, அணைத்த பின்னும் மண்ணிறத் தழும்பாக நிற்கும். கோடாவது பரவாயில்லை, எக்ஸ்-வை முறையில் அசையாத புள்ளி நின்றால் சில நிமிடங்களே போதும். திரையில் யன்னல் வெளிச்சம் விழாதபடி ஸ்கோப்பை நிழலில் வையுங்கள். கண்ணுக்குப் போதுமான மிகக் குறைந்த ஒளியே அதற்கு ஆயுள்.

சைக்கிள் டைனமோவில் ஒரு பாடம்

முதல் அளவீட்டுக்கு வீட்டுக் கரண்டைத் தேடிப் போகாதீர்கள். பழைய சைக்கிள் டைனமோ ஒன்று எந்த வீட்டுக் கொட்டிலிலும் கிடக்கும். பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் அதைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அதன் அருமை அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 6 வோல்ற், 3 வாற்ற். கையில் கரண்ட் அடிக்காது, ஸ்கோப்பையும் கெடுக்காது.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு சேர்த்து, முன் விளக்கையும் இணைத்து விடுங்கள். புரோப்பின் (ஸ்கோப்பில் மாட்டி அளக்கும் வயர்) கிரவுண்ட் கிளிப்பை டைனமோவின் உடலில் கவ்வுங்கள். கொக்கியை விளக்குக்குப் போகும் வயரில் மாட்டுங்கள். புரோப்பின் சின்ன ஆளி 10எக்ஸ் இல் இருக்கட்டும். அப்படியென்றால் வருவதில் பத்தில் ஒன்றைத்தான் அது ஸ்கோப்புக்குள் விடும். ஆகவே வோல்ற்ஸ்/டிவ் 0.5 என்று காட்டினால் உண்மையில் ஒரு கட்டம் 5 வோல்ற். டைம்/டிவ் 2 மில்லிசெக்கனில் வைத்து ஒருவரைப் பெடலைச் சுற்றச் சொல்லுங்கள்.

அலை ஒன்று எழும். பாடப்புத்தகத்து சைன் அலை மாதிரி வடிவாக இருக்காது. தோள்பட்டை வைத்தது போலச் சற்றுக் கோணலாக இருக்கும், அது டைனமோவின் இயல்பு. அடியிலிருந்து நுனி வரை 3.4 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 3.4 ஐ 5 ஆல் பெருக்க 17 வோல்ற். நடுவிலிருந்து நுனி வரை அதில் பாதி, 8.5. மீற்றர் காட்டுகிற ஏசி எண் வேறு. சைன் அலைக்கு நுனி எண்ணை 1.414 ஆல் வகுத்தால் அது வரும், இங்கே 6 வோல்ற். இப்போது அகலம்: ஒரு அலை தொடங்கி அடுத்தது தொடங்கும் வரை 2.5 கட்டம் இருந்தால் 5 மில்லிசெக்கன். ஒரு செக்கனுக்குள் அப்படி 200 வரும், ஆக 200 ஹேர்ட்ஸ். பெடலைக் கெதியாகச் சுற்றினால் அலைகள் நெருங்கும், உயரமும் கூடும். வேகத்தோடு இரண்டும் சேர்ந்து மாறுவதைக் கண்ட பிள்ளைக்கு மின்காந்தத் தூண்டல் பற்றி அதற்கு மேல் அதிகம் விளக்கத் தேவையில்லை.

படம் நிற்காமல் ஓடுகிறதே

டைனமோவைச் சுற்றும்போது படம் பக்கவாட்டில் வழுக்கி ஓடினால், அல்லது பல அலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சிக்கலாகத் தெரிந்தால், வேலை ட்ரிகர் பகுதியில் இருக்கிறது. புதியவர்கள் ஸ்கோப்பை வெறுப்பதும் பிறகு விரும்புவதும் இந்த இடத்தில்தான்.

கற்றை திரையை ஒரு தடவை கடக்க, மேலே சொன்ன அமைப்பில், 20 மில்லிசெக்கன் எடுக்கும். ஆகக் கண்ணுக்கு நிற்கிற படமாகத் தெரிவது, ஒன்றின் மேல் ஒன்றாக ஓயாமல் வரையப்படும் பல படங்கள். ஒவ்வொரு தடவையும் அலையின் வேறு வேறு இடத்தில் தொடங்கினால் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. முற்றத்தில் இரண்டு பேர் கயிறு சுற்ற, மூன்றாவது பிள்ளை உள்ளே பாய நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு வரும் வரை பார்த்திருந்து அந்தக் கணத்தில்தான் பாயும். ட்ரிகர் செய்வதும் அதுவே: அலை குறிப்பிட்ட உயரத்தைக் குறிப்பிட்ட திசையில் கடக்கும் வரை கற்றையை இடது ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்து, கடந்த கணத்தில் ஓட விடும். 1947இல் டெக்ரோனிக்ஸ் நிறுவனத்தின் 511 இந்த முறையோடு விற்பனைக்கு வந்த பிறகுதான் ஸ்கோப் நம்பி அளக்கக்கூடிய கருவியாக எங்கும் பரவியது.

உயரத்தைத் தீர்மானிப்பது லெவல் திருகு. ஏறும்போதா இறங்கும்போதா என்பதை ஸ்லோப் சொல்லும். எந்தச் சிக்னலைப் பார்த்துத் தொடங்குவது என்பது சோர்ஸ். சனல் 1 இல் புரோப்பை மாட்டிவிட்டு சோர்ஸை சனல் 2 இல் விட்டிருந்தால் எந்தத் திருகைத் திருப்பினாலும் படம் நிற்காது. முதலில் இதைப் பாருங்கள். லைன் என்ற இடம் வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸோடு சேர்த்துத் தொடங்கும். இரைச்சல் தேடும்போது இது பொன்னான இடம். லைனில் வைத்தும் இரைச்சல் அலை அசையாமல் நின்றால் அது மெயினிலிருந்து வருகிறது. ஓடினால் வேறு எங்கிருந்தோ வருகிறது. ஓட்டோ முறையில் சிக்னல் இல்லாவிட்டாலும் கோடு வரும். நோர்மல் முறையில் சிக்னல் இல்லாவிட்டால் திரை இருட்டு. பழகும் வரை ஓட்டோவை விட்டு நகராதீர்கள்.

புரோப்பைச் சரிபண்ணுதல், பிறகு அந்த இரைச்சல்

ஸ்கோப்பின் முகப்பில் CAL என்று எழுதிய சின்ன உலோகக் கொக்கி இருக்கும். அது ஏறத்தாழ 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலை ஒன்றைத் தரும். எத்தனை வோல்ற் என்பது பக்கத்தில் எழுதியிருக்கும். 10எக்ஸ் புரோப்பை அதில் மாட்டிப் பாருங்கள். சதுரத்தின் மேல்மூலை கூராக எழும்பி நின்றாலோ வட்டமாக மழுங்கியிருந்தாலோ, புரோப்பில் உள்ள சின்ன ஆணியைத் திருப்பி மூலையை நேராக்க வேண்டும். புரோப்பை வேறு ஸ்கோப்புக்கோ வேறு சனலுக்கோ மாற்றினால் திரும்பவும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் வேகமான சிக்னலின் உயரத்தை அளந்து எழுதுவதில் பயனில்லை. 1எக்ஸ் இல் புரோப்பின் கேபிள் அளக்கிற சுற்றுக்குப் பெரிய பாரமாகும். மிகச் சிறிய, மெதுவான சிக்னலைப் பார்க்கத் தவிர, ஆளியை 10எக்ஸ் இலேயே விட்டுவிடலாம்.

இனி அம்பிளிபயருக்கு வருவோம். அதற்குள் ட்ரான்ஸ்போமர் இருந்து, அதற்குப் பின்னால் நாலு டையோட், பெரிய கப்பாசிற்றர் என்று பழைய பாணியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளிப்பைப் பவர் சப்ளையின் மறை முனையில் கவ்வி, கொக்கியை நேர் முனையில் மாட்டுகிறோம். டிசியில் பார்த்தால் 12 வோல்ற் உயரத்தில் கோடு தெரியும், மேலே சின்ன நெளிவு. நெளிவைப் பெரிதாக்க வோல்ற்ஸ்/டிவ்வைத் திருப்பினால் கோடு திரையை விட்டே ஓடிவிடும். இப்போது ஆளியை ஏசிக்குத் தள்ளுங்கள். உள்ளே ஒரு கப்பாசிற்றர் குறுக்கே வந்து அசையாத 12 வோல்ற்றையும் மறித்துவிடும். அசைகிற பகுதி மாத்திரம் நடுக்கோட்டுக்கு வரும். வேண்டிய அளவு பெருக்கிக்கொள்ளலாம்.

டைம்/டிவ்வை 5 மில்லிசெக்கனில் வைத்தால், கெதியாக ஏறி மெதுவாக இறங்கும் வாள்பல் வடிவம் ஒன்று தெரியும். பல்லுக்குப் பல் எவ்வளவு தூரம் என்று எண்ணுங்கள். 2 கட்டம் என்றால் 10 மில்லிசெக்கன். நம் நாட்டு மெயின் 50 ஹேர்ட்ஸ். நாலு டையோட்டும் வேலை செய்தால் ஒவ்வொரு அலையின் இரண்டு பாதியும் கப்பாசிற்றரை நிரப்பும், ஆகவே செக்கனுக்கு 100 பல், 10 மில்லிசெக்கன் சரி. டையோட்டுகள் நலம். ஆனால் பல் உயரமாக இருக்கிறதா? அப்படியென்றால் கப்பாசிற்றர் காய்ந்துவிட்டது. 4700 மைக்ரோபாரட் நல்ல நிலையில் இருந்து அம்பிளிபயர் 1 அம்பியர் இழுத்தால் பல் 2 வோல்ற் அளவில் நிற்கும். கப்பாசிற்றர் பாதி காய்ந்தால் அது இரட்டிக்கும். பல்லுக்குப் பல் 4 கட்டம், அதாவது 20 மில்லிசெக்கன் என்றால் கதை வேறு. அலையின் ஒரு பாதி வரவேயில்லை. டையோட் ஒன்று திறந்துபோயிருக்கிறது அல்லது அதன் கால் ஈயத்திலிருந்து விட்டிருக்கிறது. கப்பாசிற்றரை மாற்றிக் காசைக் கரைக்கத் தேவையில்லை. இரண்டு பழுதும் காதுக்கு இரைச்சல்தான். திரையில் 2 கட்டமும் 4 கட்டமும்.

கிளிப் ஒரு மறை வயர் அல்ல

இந்தப் பகுதியை ஒருக்கால் வாசித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். மல்டிமீற்றரின் கறுப்பு வயரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஏனென்றால் பற்றரியில் ஓடும் மீற்றர் வேறு எதோடும் தொடுபடவில்லை. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் அப்படியல்ல. அது ஸ்கோப்பின் உலோக உடலோடும், அங்கிருந்து பிளக்கின் எர்த் பின்னோடும், அங்கிருந்து வீட்டுக்கு வெளியே மண்ணில் அடித்த எர்த் கம்பியோடும் நேரடியாகத் தொடுபட்டிருக்கிறது. கிளிப்பைக் கவ்வும் இடத்தை நீங்கள் பூமியோடு முடிச்சுப் போடுகிறீர்கள்.

போன் சார்ஜர், எல்ஈடி ரீவி, கொம்பியூட்டர் பவர் சப்ளை போன்றவற்றில் மெயின் நேராக டையோட்டுக்குள் போகிறது. இடையில் ட்ரான்ஸ்போமர் இல்லை. அங்கே மறை என்று தெரிகிற இடம், எர்த்தோடு ஒப்பிடும்போது, 230 வோல்ற் மெயினின் நுனியான 325 வோல்ற் வரைக்கும் கீழே போய் வரும். அதில் கிளிப்பைக் கவ்வினால் மெயினை எர்த்தோடு நேரே இணைத்ததாகும். வெடிச்சத்தம், கருகிய டையோட், உருகிய கிளிப் வயர். ட்ரிப் சுவிச் விழுந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

இதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனை ஊரில் உலவுகிறது. அதைக் கேட்காதீர்கள். வெடிக்காதுதான், ஆனால் அதற்குப் பிறகு ஸ்கோப்பின் முழு உடலும், நீங்கள் பிடிக்கும் ஒவ்வொரு உலோகப் பகுதியும், கரண்ட் ஏறி நிற்கும். பிரித்தெடுக்கத்தான் வேண்டுமென்றால் பழுதுபார்க்கிற சாமானுக்குக் கரண்டைத் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் (மெயினோடு நேரடித் தொடுப்பு இல்லாமல் கரண்ட் தருவது) வழியாகக் கொடுங்கள். ஸ்கோப் எர்த்தோடு இருக்கட்டும். பழகத் தொடங்கியவர் பவர் சப்ளையின் அந்த முதற்பக்கத்தை முதல் வருடத்தில் தொடாமலே விடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டு எர்த்தையும் நம்பிவிட வேண்டாம். கோடையில் வன்னி மண் பாளம் பாளமாகக் காயும்போது எர்த் கம்பியைச் சுற்றிய மண்ணின் தடை ஏறிவிடும். பழைய இரண்டு பின் பிளக்கில், மாற்றியொன்றின் உதவியோடு, ஸ்கோப் ஓடிக்கொண்டிருந்தால் எர்த் அடியோடு இல்லை. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு முதலில் அதைச் சரிபாருங்கள்.

மெயின் அலையைப் பார்க்க ஆசையென்றால் 230 இலிருந்து 6 வோல்ற்றுக்கு இறக்கும் சின்ன ட்ரான்ஸ்போமரின் மறுபக்கத்தில் பாருங்கள். சோலார் இன்வேர்ட்டர் உள்ள வீடுகளிலும் இதே வழிதான். மலிவான இன்வேர்ட்டர் தருவது சைன் அலையல்ல, படி வைத்த சதுரம் என்பது திரையில் உடனே தெரியும். காற்றாடி அதில் ஏன் உறுமுகிறது என்பதற்கும் விடை கிடைக்கும். யானை வேலிப் பெட்டியின் வெளியீட்டில் மட்டும் புரோப்பை வைக்காதீர்கள். அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ற். ஸ்கோப்பின் உள்வாயில் வழமையாக 400 வோல்ற் போல ஒரு எல்லை எழுதியிருக்கும்.

வாங்கும்போது

கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கினாலும் ஊரில் ஒருவரிடம் வாங்கினாலும், முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுப் பாவனையில் இருந்து வந்தது 100 வோல்ற்றுக்கு வைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே 230 இல் செருகினால் வாங்கிய அன்றே முடிந்தது. பல மாதிரிகளில் பின்னால் 100, 120, 220, 240 என்று தெரிவு இருக்கும். மாற்றும்போது பியூஸையும் அங்கே எழுதியிருக்கிற சிறிய அளவுக்கு மாற்ற வேண்டும். தெரிவே இல்லாமல் 100 என்று மட்டும் இருந்தால் இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றின் விலையையும் கணக்கில் சேருங்கள். எர்த் வயர் அதற்குள்ளும் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

அணைத்த நிலையில் திரையைச் சரித்துப் பார்த்தால் எரிந்த தழும்பு தெரியும். போட்ட பின் இரண்டு சனலிலும் முகப்பிலுள்ள CAL கொக்கியின் சதுர அலையைக் கொடுத்து, வோல்ற்ஸ்/டிவ்வின் ஒவ்வொரு படியையும், டைம்/டிவ்வின் ஒவ்வொரு படியையும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது படம் துள்ளினால் அது ஊத்தை. சுத்தம் செய்தால் போகும். ஒரு படியில் படமே இல்லையென்றால் விலையைக் குறையுங்கள். ஒளியை முழுதாகக் கூட்டியும் கோடு மங்கலாக, போக்கஸ் ஆகாமல் இருந்தால் பெரும்பாலும் குழாய் கிழண்டிவிட்டது. குழாய்க்கு மாற்றுக் கிடைப்பது அரிது, விட்டுவிடுங்கள். அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள், சூடான பின்தான் பல பழுதுகள் வெளியே வரும்.

ஏ9 வீதியால் பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் கீழ்ப்பெட்டியில் போட வேண்டாம். ஆறேழு கிலோ வரும், மடியில் வைக்கலாம். குழாயின் கழுத்துக் கண்ணாடி மெல்லியது.

தூசியும் மாரியும்

சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி போகாத இடமில்லை. மூடி ஒன்று தைத்து வைத்திருங்கள், ஆனால் ஸ்கோப் ஆறிய பின்னரே மூடுங்கள். ஓடும்போது மேலே கொப்பியோ துணியோ கிடக்கக்கூடாது. அனேகமான 20 மெகாஹேர்ட்ஸ் ஸ்கோப்புகளுக்குக் காற்றாடி இல்லை, அந்தக் கீற்றுகள் வழியாகத்தான் சூடு போகிறது. பல்லிக்கும் எறும்புக்கும் அதே கீற்றுகள்தான் வாசல். உயர்மின்னழுத்தப் பலகையில் பல்லி ஒன்று விழுந்து கருகினால் ஸ்கோப்பும் கருகும்.

மாரியில் எதிரி ஈரம். மாதக்கணக்கில் போடாமல் வைத்த ஸ்கோப்பை ஐப்பசி மழைக்குள் எடுத்துப் போட்டால் உள்ளே உயர்மின்னழுத்தம் ஈரத் தூசி வழியாகக் கசிந்து 'சிர்' என்று சத்தம் கேட்கும். கிழமைக்கு ஒருக்கால் அரை மணித்தியாலம் ஓட விடுவதே மருந்து. அதன் சூடே அதைக் காயவைக்கும், மின்பகுப்புக் கப்பாசிற்றர்களுக்கும் அது நல்லது. நீண்ட காலம் சும்மா கிடந்த ஸ்கோப்பை முதல் தடவை போடும்போது, அது சாதாரண ட்ரான்ஸ்போமர் உள்ளதாக இருந்தால், 60 அல்லது 100 வாற்ற் இழைக் குமிழ் ஒன்றைத் தொடரில் வைத்துப் போடுவார்கள். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் முழுதாக எரியும், ஸ்கோப் தப்பும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழக்கம் கேட்டால் சுவிச்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

துள்ளுகிற திருகுகளுக்கு மின்தொடுகை சுத்தம் செய்யும் ஸ்பிரே இருக்கிறது. ஸ்கோப்பை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் அடித்து, திருகை இரண்டு பக்கமும் பல தடவை சுற்றி, முழுதாகக் காய விடுங்கள். பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை இங்கே பாவிக்காதீர்கள். எண்ணெய் தங்கித் தூசியைப் பிடிக்கும். திரைக்கு முன்னால் உள்ள நிறத் தகட்டைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம். பெற்றோலும் தின்னரும் கிட்ட வரக்கூடாது.

மூடியைக் கழற்றி உள்ளே தூசி தட்டுவதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிற்றர்களிலும் குழாயிலும் ஆயிரக்கணக்கான வோல்ற் தங்கி நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, பிளக்கைக் கழற்றி ஒரு நாள் விட்டு, உயர்மின்னழுத்தப் பகுதியை முறையாக வெறுமையாக்கிய பின்னரே, மென்மையான உலர்ந்த தூரிகையால்.

இது எதற்கு உதவாது

20 மெகாஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், 20 மெகாஹேர்ட்ஸ் சைன் அலை அதில் உண்மையான உயரத்தின் 70 சதவீதம் அளவில்தான் தெரியும். உயரத்தை நம்பி அளக்க அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் நில்லுங்கள். ஒலி, பவர் சப்ளை, மோட்டார் சைக்கிளின் பிக்கப் சுருள், சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் வேலைகளுக்கு இது தாராளம். அளவில் 3 சதவீதம் வரை பிழை இருக்கலாம்; எண் துல்லியமாக வேண்டுமென்றால் மீற்றரிடம் கேளுங்கள், வடிவம் வேண்டுமென்றால் ஸ்கோப்பிடம்.

ஒருமுறை மட்டும் நடந்து முடியும் சம்பவத்தை அனலொக் ஸ்கோப்பால் பிடித்து வைக்க முடியாது. ரீவி ரிமோட்டில் பொத்தானை அழுத்தும்போது போகும் துடிப்புக் கூட்டத்தை வாசிக்க வேண்டுமென்றால், றிலே ஒன்று மூடும்போது அதன் தொடுகை எத்தனை தடவை துள்ளுகிறது என்று எண்ண வேண்டுமென்றால், மின்னிவிட்டுப் போன பச்சைக்கோட்டை மனதில் வைத்துக் கணக்குப் பார்க்க இயலாது. அப்படியான வேலைகள் அடிக்கடி வரத் தொடங்கினால் டிஜிட்டல் ஒன்றுக்குக் காசு சேர்க்கலாம். அதுவரைக்கும், இரண்டாவது புரோப் ஒன்று வாங்குவதே கூடிய பயன் தரும் செலவு. உள்ளே போவதை ஒரு சனலிலும் வெளியே வருவதை மற்றச் சனலிலும் வைத்துப் பார்த்தால், அம்பிளிபயரின் எந்தப் படியில் பாட்டு நசிகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.